கொல்லிமலையில் ஆடிய முள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதம், கொல்லிமலை மேலே நடந்தது இது. அப்போது நான் சேலத்தில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். காலேஜ் வாசகசாலையில் ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகை கையில் சிக்கியதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அமெரிக்காவில் ஒரு பாலைவனத்தின் நடுவே பிரம்மாண்டமான வட்டக் குழி இருக்கிறதாம். எந்தக் காலத்திலோ வானத்திலிருந்து இரும்புக் கல் விழுந்து தோண்டிய குழி அது என்று ஒரு கட்சி. எரிமலை செய்த வேலை என்று இன்னொரு கட்சி. படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே விழுந்த கல் இங்கே மட்டும் விழாமலா இருந்திருக்கும்?

என் வகுப்பு நண்பன் ஒருவனுக்கும் இந்தக் காய்ச்சல் தொற்றிக்கொண்டது. அவனுடைய மாமாவுக்கு சர்வே இலாகாவில் உத்தியோகம். அவர் வீட்டில் கொல்லிமலைப் படம் ஒன்றை விரித்துப் பார்த்தபோது, பைல் நாடு என்னும் பகுதியில் ஓரிடத்தில் உயரம் காட்டும் கோடுகள் கிண்ணத்தின் வாய் மாதிரி வளைந்து கிடந்தன. எங்களுக்கு அது போதும். நான் இன்னும் ஒரு படி மேலே போய், காலேஜ் விஞ்ஞான சங்கத்தில் அடுத்த வெள்ளிக்கிழமை ‘கொல்லிமலையில் விண்கல் குழி’ என்று பேசப் பெயரும் கொடுத்துவிட்டேன். நோட்டீஸ் பலகையில் தலைப்பு ஏறிவிட்டது. குழியைத்தான் இன்னும் பார்க்கவில்லை!

பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகும் வாழைத்தாரும் சுமந்து இறங்கியவர்கள் திரும்பி ஏறும்போது, அவர்கள் பின்னாலேயே நாங்களும் ஏறினோம். சந்தையில் நாங்கள் வாங்கியது கொஞ்சம் பொரி, ஒரு கொட்டாங்கச்சி நிறைய வெற்றிலைச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு எதற்கென்றால், எங்கள் திட்டம் அப்படி. விண்கல் இரும்பு. அது மண்ணுக்கடியில் புதைந்து கிடந்தால் திசைகாட்டியின் முள் வடக்கை விட்டு விலகும். விலகுகிற இடத்திலெல்லாம் பாறையில் வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி போடவேண்டியது.

மறுநாள் காலை அந்தக் கிண்ணத்துக்குள் இறங்கினோம். சுற்றிலும் மேடு, சரிவெல்லாம் கதிர் பிடித்த சாமை. ஒரு கரும்பாறை மேல் திசைகாட்டியை வைத்தேன். முள் வடக்கே நிற்கவில்லை. மெதுவாகத் திரும்பி, கிழக்கைப் பார்த்துக்கொண்டு நின்றது. நண்பன் துண்டை ஆகாசத்தில் வீசிப் பிடித்தான். அடுத்த பாறையில் முள் மேற்கே ஓடியது. மத்தியானத்துக்குள் கொட்டாங்கச்சி காலி. வெள்ளிக்கிழமை கைதட்டல் என் காதில் அப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டது.

மேட்டு விளிம்பில் நின்று முழு வட்டத்தையும் பார்த்துவிடலாம் என்று ஏறினோம். ஏறி முடிப்பதற்குள் பனி மூட்டம் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற நண்பனின் சட்டை தெரிந்தது, முகம் தெரியவில்லை. எந்தப் பக்கம் ஏறினோம், எந்தப் பக்கம் இறங்குவது? திசைகாட்டியை எடுத்தேன். நாலடி நடந்தால் வடக்கு ஒரு பக்கம், இன்னும் நாலடி நடந்தால் வடக்கு வேறு பக்கம். காலையெல்லாம் முள் ஆட ஆடக் குதித்தவர்கள், இப்போது ‘ஒரு நிமிஷம் ஆடாமல் நில்லேன்’ என்று அதைக் கெஞ்சினோம். என் கால் பட்டு ஒரு கல் உருண்டது. அது கீழே எங்கோ விழுந்த சத்தம் வர வெகு நேரம் பிடித்தது. இருவரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம்.

அப்போதுதான் டின் தட்டும் சத்தம் கேட்டது. காட்டுப் பன்றியை விரட்டப் பரண் மேலிருந்து தட்டுகிறார்கள். தொண்டை கிழியக் கத்தினோம். டின் நின்றது. மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்:

“ஆரது? ரேஞ்சர் ஆளுங்களா?”

“இல்லீங்க! படிக்கிற பசங்க! வழி தெரியலீங்க!”

“படிக்கிற பசங்களுக்கு எங்க காட்டுல என்ன சோலி?”

நண்பன் உண்மையைச் சொல்லிவிட்டான். “வானத்துல இருந்து கல்லு விழுந்துச்சான்னு பாக்க வந்தமுங்க!”

பிறகு ஒரு ஆண் குரல் சந்தேகத்தோடு கேட்டது: “எப்ப விழுந்துச்சு? இன்னைக்கா?”

“இல்லீங்க! பல ஆயிரம் வருஷம் ஆச்சுங்க!”

இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் வந்தது. “அப்ப அவசரமொண்ணுமில்லீங்களே! உக்காந்தே வாங்க. சோத்தாங்கைப் பக்கம் மட்டும் போயிராதீங்க சாமி, பள்ளம். இந்தச் சத்தத்தப் புடிச்சுட்டு வாங்க.”

டின் மறுபடி ஒலித்தது. அவர்கள் சொன்னபடியே உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து வந்தோம். விளிம்புக்கு மறுபக்கம் ஒரு பரண், அதன் கீழே நெருப்பு. கணவன் மனைவி இருவர் மட்டும். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொடுத்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவும்வரை சிரித்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்தினார்.

“பாறையில வெள்ளக் கோடு இழுத்தது நீங்கதானுங்களே?”

“ஆமாங்க.”

“போன வருஷம் அந்தப் பக்கத்து ஊருல இப்படித்தான் கோடு போட்டாங்க. அப்புறம் ரிசர்வு காடுன்னாங்க. உழுதவன் உள்ள போனா அபராதம். காலையில உங்க கோட்டப் பாத்ததுல இருந்து எங்க ரெண்டு பேருக்கும் கஞ்சி இறங்கல. போறப்ப அத்தனையும் அழிச்சுட்டுப் போங்க கண்ணு. ரேஞ்சர் பாத்தா அதையே எல்லைன்னு சொல்லிப்போடுவான்.”

அழிக்கிறோம் என்று சத்தியம் செய்யாத குறைதான். பேச்சை மாற்ற, திசைகாட்டியை எடுத்து அவர் கணவரிடம் கொடுத்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், நெருப்போரக் கல்லில் வைத்தார், பரண்காலுக்கு அண்டை கொடுத்திருந்த பாறையில் வைத்தார்.

“ஏ புள்ள, இங்க பாரு, சாமி வந்தாப்பல ஆடுது!”

அவர்கள் சிரித்தார்கள். நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது குழிக்கு வெளியே. இங்கே ஏன் ஆடுகிறது?

“விழுந்த வேகத்தில் கொஞ்சம் இரும்பு இங்கேயும் சிதறியிருக்கும்” என்றான் நண்பன். இரவு அவர்கள் குடிசையில் படுத்தபோதும் அதையேதான் சொன்னான். சொல்லச் சொல்லக் குரல் சிறுத்துக்கொண்டே வந்தது.

விடிந்ததும் மூட்டம் கலைந்திருந்தது. கோடுகளை அழிக்க, விளிம்பின் வெளிச் சரிவைச் சுற்றிக்கொண்டு போனோம். திசைகாட்டியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

“உள்ளே போடுடா. பார்க்காதே” என்றான் நண்பன்.

“பார்த்துத்தாண்டா ஆகணும்.”

கரும்பாறை வந்த இடத்திலெல்லாம் முள் ஆடியது. குழியை விட்டு வெகுதூரம் விலகி வந்தும் ஆடியது. பாறையை உற்றுப் பார்த்தால் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக ஓடுகிறது. சேலம் பக்கத்து மலைகளில் இரும்புத் தாது இப்படித்தான் கிடக்கும் என்று வகுப்பில் படித்து, பரீட்சையிலும் எழுதியிருக்கிறோம்! ஆனால் முந்தின நாள் காலை முழுக்க நாங்கள் குழிக்குள் மட்டும்தான் முள்ளை வைத்துப் பார்த்தோம். குழிக்கு வெளியே ஒரே ஒரு பாறையில் வைத்துப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு உள்ளே இறங்கி, ஈரத் துண்டாலும் வைக்கோலாலும் ஒவ்வொரு குறியாகத் தேய்த்தோம். என் வெள்ளிக்கிழமைப் பேச்சை நானே தேய்த்து அழிப்பதுபோல இருந்தது. மேட்டின் மேல் நின்று அந்த அம்மாள், “அந்தா, அங்க ஒண்ணு உட்டுட்டீங்க!” என்று கை காட்டிக்கொண்டே இருந்தார். கடைசிக் குறி போனதும், வெயிலில் கறுப்பாகப் பளபளத்த அந்தப் பாறையைப் பார்த்து அவர் முகம் மலர்ந்ததே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை. “கல்லு விழுந்தாச் சொல்லியனுப்பறமுங்க” என்று வழியனுப்பினார்.

வெள்ளிக்கிழமை அதே தலைப்பின் கீழ் நின்று, அது விண்கல் குழி என்று சொல்ல என்னிடம் சாட்சி இல்லை என்று பேசினேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. ஒரு மாணவன் மட்டும் எழுந்து, “அப்படியானால் அந்தக் கிண்ணம் எப்படித்தான் வந்தது?” என்று கேட்டான்.

“தெரியாது. வருகிறாயா, போய்ப் பார்க்கலாம்?” என்றேன்.

அதற்குப் பிறகு அந்த மாணவனும் சேர்ந்து நாங்கள் மூவருமாக அந்த மலைக்குப் பலமுறை போய்விட்டோம்; சுண்ணாம்பு கொண்டுபோவதில்லை. கிண்ணம் எப்படி வந்தது என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் நான் ஆசைப்பட்ட ஒன்றுக்குச் சாட்சி கைமேல் கிடைக்கும்போதெல்லாம், டின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு விளிம்பைத் தாண்டிய அந்த மத்தியானம் நினைவுக்கு வந்து, வெளியே போய் ஒரு தடவை முள்ளை வைத்துப் பார்த்துவிட்டு வா என்கிறது.