முன்னால் இன்ஜின் இல்லாத ரயில்

பிள்ளைகளா, பெரியவள் அம்மா வயிற்றில் இருந்தபோது நாங்கள் ஊட்டி மலை ரயிலில் போனோம். நான் அறிந்ததெல்லாம் சென்னையின் பட்டாபிராம் ரயில்தான். கல்லாறு தாண்டி ஏற்றத்தில் எட்டிப் பார்த்தேன். முன்னால் இன்ஜினே இல்லை! பக்கத்தில் பாதாளம்.

“மரகதம், இன்ஜின் கயண்டு பூட்ச்சி! குதிச்சிடலாம் வா!” என்று கத்திக் கதவைத் திறந்து உங்கள் அம்மாவை இழுத்தேன்.

எதிரே இருந்த கோயம்புத்தூர்க்காரர் பாய்ந்து என் சட்டையைப் பிடித்தார். “ஏனுங்க, இந்த வண்டியை இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுமுங்க!”

பெட்டியே சிரித்தது. “நல்லா இட்டுகினு போறய்யா, போ,” என்ற அம்மா, என் கையை விடவேயில்லை. அந்தக் கோயம்புத்தூர்க்காரர் பிடித்திராவிட்டால்? அந்த நினைப்பு வழியெல்லாம் என்னை உலுக்கியது.

ஊட்டியில் இறங்கியதும் நான் மட்டும் பின்பக்கம் போய், இன்ஜினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.