பாட்டில் இறந்துபோன என் தங்கை

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜெர்மனியின் பான் நகரத்து மண்டபம் ஒன்றில் உட்கார்ந்து என் தங்கை செத்துப்போன கதையைக் கேட்டேன்.

தங்கை றீற்றா அந்த நேரம் ஹம் நகரத்தில், தன் வீட்டில், உயிரோடுதான் இருந்தாள்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலை செய்யும் பல் மருத்துவமனையில் சக ஊழியை ஒருத்தி இரண்டு டிக்கெட் தந்தாள். பாடகியின் பெயர் கார்லா. கன்ட்ரி, நாட்டுப்புற இசை... தானே எழுதி, தானே மெட்டுப்போட்டு, கிட்டார் வாசித்துப் பாடுகிறவர். அந்தச் சங்கீதம் எனக்குப் பழக்கமே இல்லை. வரமாட்டேன் என்ற கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

கார்லாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். நரைத்த பின்னல், தேய்ந்த பூட்ஸ். பாட்டுக்குப் பாட்டு தன் கதையையும் சொன்னார். அப்பா லொறி ஓட்டுநர். லொறியில் போகும்போது கேட்ட அமெரிக்கப் பாட்டுகள்தான் முதல் பாடம். இருபது வயதில் கவ்பாய் தொப்பி போட்டுக்கொண்டு, நெடுஞ்சாலை உணவகங்களில் ஆங்கிலத்தில் பாடியிருக்கிறார். சாப்பிடுகிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். பகலில் அகதிகள் விடுதி ஒன்றின் சமையலறையில் உதவியாள் வேலை.

அங்கேதான் தன் வாழ்க்கை மாறியது என்றார்.

"என்னோடு ஒரு இலங்கைத் தமிழ்ப் பெண் உருளைக்கிழங்கு உரிப்பாள். கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவள். அவளுடைய தங்கை பின்னால் வர வேண்டியவள். வழியிலேயே இறந்துவிட்டாள். இந்தப் பாட்டு அந்தத் தங்கைக்காக."

உருளைக்கிழங்கு உரித்தது நான்தான்.

பாட்டு தொடங்கியது. காடு, பனி, மெல்லிய சப்பாத்து போட்ட ஒரு பெண். நடக்கிறாள், நடக்கிறாள், பிறகு நடக்கவில்லை. மண்டபம் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். என் கணவரும் கண்ணைத் துடைத்தார். "பாவம், எங்கட பிள்ளை ஆரோ" என்றார்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. இரண்டு வாரத்தில் வர வேண்டிய றீற்றா வரவில்லை. நான் வந்த கிழக்கு பெர்லின் வழியை அதற்குள் அடைத்துவிட்டார்கள். கடிதமில்லை, தகவலில்லை. ஒருநாள் அழுகை தாங்காமல், சமையலறையில் கூட நின்ற, பெயர்கூடத் தெரியாத வெள்ளைக்காரப் பெண்ணிடம் அரைகுறை ஆங்கிலத்தில் "மை சிஸ்டர் லாஸ்ட்" என்றேன். தங்கையைக் காணவில்லை என்று சொன்னதாகத்தான் நினைத்தேன். அவரோ செத்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த வாரமே என்னை வேறு ஊர் விடுதிக்கு மாற்றிவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து றீற்றா வேறு வழியால் வந்து சேர்ந்தாள்.

அதை யார் போய் கார்லாவிடம் சொல்வது?

மேடையில் அவர் சொல்லிக்கொண்டே போனார். ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய முதல் பாட்டு இது. வானொலிக்குப் போனது இதனால். இசைத்தட்டு வந்தது இதனால். கல்யாணம் முறிந்தது, தொண்டையில் ஆபரேஷன் நடந்தது, பல வருடம் குரலே இல்லை... திரும்பி வந்து முதலில் பாடியதும் இதைத்தான். ஒரு மனுஷியின் வாழ்க்கை முழுவதும் என் தங்கையின் பிணத்தின் மேல் நிற்கிறது. அந்தப் பிணமோ நேற்று என்னோடு போனில் முழங்கால் வலி பற்றி அரைமணி நேரம் பேசியது.

பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாமா? யோசித்தேன். ஆனால் கால்கள் கையெழுத்து வாங்கும் வரிசையில் போய் நின்றுவிட்டன.

நான் யாரென்று சொன்னதும் கார்லா எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். தங்கை உயிரோடு இருப்பதைச் சொன்னதும் பிடி தளர்ந்தது. போனில் படம் காட்டினேன். றீற்றா கேக் வெட்டுகிறாள். கார்லா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அப்படியென்றால் இத்தனை வருடமும் நான் பாடியது பொய்."

இனி அதைப் பாட மாட்டேன் என்றார். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

றீற்றாவுக்குச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தன்னைக் கொன்ற மனுஷியைக் கூட்டிக்கொண்டு வரும்படி சொன்னாள். இரண்டு கிழமை கழித்து, மன்னிப்புக் கேட்பதற்காகவே கார்லா ஹம்முக்கு வந்தார். றீற்றா ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்து, பாட்டைக் கேட்டே தீருவேன் என்று நின்றாள். கார்லா கிட்டார் கொண்டுவரவில்லை. சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்து வெறும் குரலில் பாடினார்.

முதல் சரணத்துக்கு றீற்றா சிரித்துக்கொண்டிருந்தாள். காடு வந்ததும் சிரிப்பு நின்றது. சப்பாத்து வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இவவுக்கு இதை ஆர் சொன்னது?"

கார்லாவைக் கேட்டுவிட்டு, யாரும் சொல்லவில்லை, விடுதி ஜன்னலுக்கு வெளியே கிடந்த பனியைப் பார்த்து அவராகக் கற்பனை செய்தது என்றேன். றீற்றா தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"என்னோட ஜெயந்தி எண்டொரு பிள்ளை வந்தவள். எல்லைக் காட்டுக்குள்ள நடக்க ஏலாமல் மரத்தடியில இருந்திட்டாள். பிறகு எழும்பேல்லை. நாங்கள் விட்டிட்டு வந்திட்டம்."

அந்தச் சமையலறையில் எத்தனை முறை சாப்பிட்டிருப்பேன்? இந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். கார்லாவுக்கு ஜெர்மனில் சொல்லத் தொடங்கி இரண்டு தரம் பாதியில் நின்றேன். அவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அவவை நிப்பாட்ட வேண்டாமெண்டு சொல்லுங்கோ," என்றாள் றீற்றா. "பேரைச் சொல்லிப் பாடச் சொல்லுங்கோ. அவளுக்கு அழ இஞ்ச ஒருத்தரும் இல்லை."

கார்லா ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார். சரியாக வரும்வரை றீற்றா சொல்லிக்கொடுத்தாள். இப்போதெல்லாம் பாடுவதற்கு முன்னால் அந்தப் பெயரைச் சொல்கிறாராம்.

றீற்றா வந்து சேர்ந்த அன்று நான் அவளைக் கேட்டது "சாப்பிட்டியா" என்று மட்டும்தான். எப்படி வந்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.