இருபது நிமிட கொன்ட்ராக்

போன வாரம் மருத்துவமனையில் என் அண்ணன், கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஈரலில் ஒரு கட்டி. எம்ஆர்ஐ படத்தைப் பார்த்துக்கொண்டே கதிர்வீச்சு கொடுக்கிற புது மெஷினில் சிகிச்சை. அதற்குத் திட்டம் போட முதலில் ஒரு ஸ்கேன். சுங்கை சிப்புட்டிலிருந்து அண்ணன், அண்ணி, நான் மூவரும் காலையிலேயே கிளம்பிவிட்டோம். நான்தான் டிரைவர்.

வழி முழுக்க அண்ணன் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு வந்தார். "உள்ள பூரா பரவியிருக்கும் தங்கச்சி. டாக்டர் ஒங்ககிட்ட சொல்லியிருப்பாரு. நீங்கதான் மறைக்கிறீங்க."

இல்லை என்றால் நம்பினால்தானே?

எங்கள் பயம் வேறு. மனிதர் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாரோ... ஏற்கெனவே இரண்டு அப்பாயின்ட்மென்டை 'வேலை இருக்கு' என்று தட்டிக்கழித்தவர். வீட்டில் சும்மா இருப்பவருக்கு அப்படி என்ன வேலை?

மலாய்க்கார மிஸ்ஸி ஒருவர், இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம், ஊசியும் ஃபாரமுமாக வந்தார். "பாக்சிக், இனி கொன்ட்ராஸ். சைன் சினி." இது கொன்ட்ராஸ், இங்கே சைன் பண்ணுங்கள் என்கிறார். ஸ்கேனில் ஈரல் தெளிவாகத் தெரிய ஏற்றுகிற மருந்து அது. அதற்குச் சம்மதக் கையெழுத்து, அவ்வளவுதான்.

அண்ணன் முகம் இறுகிவிட்டது. "கொன்ட்ராக் எல்லாம் எனக்கு வேணாம் லா."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. வேலை பார்த்த தோட்டத்தை மூடியபிறகு அண்ணன் ஈப்போவில் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். பதினெட்டு வருடம் கொன்ட்ராக், அதாவது ஒப்பந்த வேலை. வருடா வருடம் ஒரு கையெழுத்து. ஒரு வருடம் ஃபாரம் வரவில்லை — ஆள் வீட்டில். அந்தச் சொல்லே அவருக்கு ஆகாது.

"பெராப்பா தாஹுன்?" என்று மிஸ்ஸியிடம் கறாராகக் கேட்டார். எத்தனை வருடத்துக்காம்?

மிஸ்ஸி நல்ல பொறுமைசாலி. "டுவா புலோ மினிட் சஜா, பாக்சிக்." மருந்து ஈரலில் ஊற இருபது நிமிடம்தான் ஆகும் என்று அவர் சொல்கிறார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இருபது நிமிசத்துக்கு எவன் லா கொன்ட்ராக் போடுவான்? அம்புட்டு நேரந்தான் உயிரோட இருப்பேங்குதா இந்தப் பொண்ணு?"

அண்ணிதான் முதலில் சிரித்தார். "அது கொன்ட்ராஸுங்க. மருந்து பேரு." நான் மலாயில் விளக்கிச் சொன்னதும் மிஸ்ஸி சிரிப்புத் தாங்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார். வெட்கத்தில்தான் போட்டார் என்று நினைக்கிறேன். எப்படியோ, போட்டாரே.

ஸ்கேன் முடிந்து, டாக்டர் எங்களைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். தமிழர், சின்ன வயது. மருந்து ஓடிப் போய் நோயைப் பிடித்துக் காட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தானே? அண்ணனுக்குப் போட்டது வேறு வகையாம். நல்ல ஈரல் அதை உறிஞ்சி வெளிச்சமாகிவிடும். இந்தக் கட்டி உறிஞ்சாமல் இருட்டாகவே நிற்கும். அந்த இருட்டைக் குறிவைத்துத்தான் கதிர் போகும்.

திரையில் ஈரல் முழுக்க வெள்ளை. ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு.

"இது மட்டுந்தானா டாக்டர்?" என்று கேட்டார் அண்ணன்.

"இது மட்டும்தான் அண்ணே."

"மத்த வெள்ளையெல்லாம்?"

"அதெல்லாம் ஒங்க நல்ல ஈரல்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இம்புட்டு இருக்கா எனக்கு," என்றார்.

அண்ணி அழுதுவிட்டார். நானும்தான். சந்தோஷத்தில் அழுவது எவ்வளவு சுகமாக இருக்கிறது, தெரியுமா?

எங்கே கெட்டுப்போயிருக்கிறது என்று தேடித்தான் நமக்கெல்லாம் பழக்கம். மிச்சம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நமக்கு யார் படம் எடுத்துக் காட்டுகிறார்கள்?

கதிர்வீச்சு அடுத்த வாரம் தொடங்குகிறது. எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அண்ணனே இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். டாக்டரிடம் அனுமதி வாங்கி அந்தத் திரையைப் படம் பிடித்து, தன் கைப்பேசியில் வால்பேப்பராகவும் வைத்துக்கொண்டார்.

அண்ணிக்கு மட்டும்தான் ஒரு வருத்தம். "அந்த எடத்துல என் போட்டோ இருந்துச்சு லா."