பின்னால் நின்ற லாரி டிரைவர்

கும்மிடிப்பூண்டி கம்பித் தொழிற்சாலை ஒன்றில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. கம்பியின் தரத்தைச் சொல்லும் டெஸ்ட் சர்டிபிகேட்டை நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால்தான் லோடு ஏற்றிய லாரி கேட்டைத் தாண்டும்.

அன்று காலை, அந்த மாதத்து சர்டிபிகேட்டுகள் இருந்த ஃபோல்டரை வேறு டிரைவுக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். உருண்டை வைத்த பழைய மவுஸ் பாதியில் துள்ளியது. விரல் நழுவியது. ஃபோல்டரைக் காணோம்!

திரும்பினால், என் முதுகுக்குப் பின்னால் சர்டிபிகேட்டுக்காக வந்த பள்ளிப்பட்டு லாரி டிரைவர் ஒருவர் நின்று ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இங்க நின்னதாலதான் கை தவறிச்சு! வெளியே போங்க!" என்று கத்தினேன். வாசலுக்குப் போய் நின்றார்.

ரீசைக்கிள் பின்னில் பார்த்தேன். டெஸ்க்டாப்பில் தேடினேன். எங்கும் இல்லை. "லாரி ஏன் இன்னும் நிக்குது?" என்று மேனேஜர் போனில் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசலிலிருந்து தயக்கமாக ஒரு குரல். "மேடம், இஸ்துகினு போறப்போ நடுவுல கை வுட்டீங்களே, அது மூணாவது மஞ்சப் பொட்டி மேல வுழுந்துச்சு. அதுக்குள்ள பாருங்க."

மூன்றாவது, கேன்டீன் ஃபோல்டர். திறந்தேன். இட்லி, பொங்கல் பட்டியலுக்கு நடுவே என் சர்டிபிகேட் ஃபோல்டர்! நாற்காலி சாய எழுந்து குதித்தேன்.

"அண்ணே, எப்படிண்ணே கவனிச்சீங்க?"

"சரக்கு எங்க எறங்குதுன்னு பாத்துகினே இருக்கறதுதானே மேடம் என் வேல!"

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் லாரிக்கான சர்டிபிகேட்டைப் பிரிண்ட் எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

இன்றும் ஃபைலை இழுக்கும்போது, பின்னால் அவர் நிற்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன்.