சார்லமேன் தீர்ப்பும் மாதா சுரூபமும்

குறிஞ்சிப்பாடியில் முருகனைக் கும்பிட்டு வளர்ந்த வெண்மதி, கடலூர் முதுநகர் சார்லஸைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். வேலை சிதம்பரத்தில், பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுப்பது. காலை பாசஞ்சரில் முந்தைய நாள் பக்கங்களை மடியில் பரப்பிப் பிழை பார்ப்பாள். அந்த மாதம் கையிலிருந்தது தமிழ்ச்செல்வி என்ற மாணவியின் ஆய்வேடு: பிற்காலத்தில் பேரரசரான ஐரோப்பிய அரசர் சார்லமேன், அதாவது மகா சார்லஸ், சுரூபங்களை (புனிதர்களின் சிலைகளையும் படங்களையும்) வணங்கலாமா என்ற கிறிஸ்தவர்களின் சண்டையை எப்படிக் கையாண்டார் என்பது.

பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. தண்ணீரின் வெளிச்சம் பெட்டியின் கூரையில் அலைந்தது. கண் சொக்கிய வெண்மதிக்கு, எதிர் இருக்கைகளில் ஆய்வேட்டில் வரும் ஆயர்கள், அந்தக் காலத்து பிஷப்புகள், வரிசையாக உட்கார்ந்திருப்பது போலிருந்தது. நடுவில் நெடிய அரசர் சார்லமேன். கிழக்கே கிரேக்கர்கள் படங்களுக்கு வணக்கம் செலுத்தலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். அந்த முடிவை லத்தீனில் மொழிபெயர்த்தபோது வணக்கமும், கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனையும் ஒரே சொல்லாகிவிட்டன. படங்களை ஆராதிக்கச் சொல்கிறார்கள் என்று அரசர் தரப்பு கொதித்தது. ஆனாலும் உடைக்கச் சொல்லவில்லை. ஆராதிக்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம்; நினைவுக்கு இருக்கட்டும் என்பதே தீர்ப்பு.

"எம்மா, சிதம்பரம் வந்துட்டுது" என்று பூக்காரம்மா தோளைத் தொட்டதும்தான் ஆயர்கள் கலைந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சார்லஸின் அண்ணன் சவரிமுத்து கூப்பிட்டனுப்பினார். அம்மா ரத்தினம்மாள் இறந்து இரண்டு மாதம். அம்மாவின் வீட்டில் இருப்பவர் அவர்தான். இப்போது சுரூபங்களை ஏற்காத ஒரு சபையில் சேர்ந்திருந்தார்.

"மாதா செலைய கெடிலம் ஆத்துல விட்டுடப் போறேன். செலைக்கு ஆராதன பண்ற வீட்டுல நான் ஜெபம் பண்ண முடியாது."

"அம்மா வச்சதுண்ணா அது!" சார்லஸ் அண்ணனின் சட்டையைப் பிடித்துவிட்டான்.

வெண்மதி நடுவே புகுந்தாள். கல்யாணமாகி வந்த அன்று, "இவகிட்ட எத வேணா சொல்லு, யார்கிட்டயும் சொல்லமாட்டா" என்று மாமியார் அவளை அந்தச் சுரூபத்தின் முன்தான் நிறுத்தியிருந்தாள்.

"மாமா, அத்தை பண்ணது ஆராதன இல்ல, வணக்கம். அந்த ரெண்டையும் ஒண்ணாக்கித்தான் ஆயிரத்து இருநூறு வருசத்துக்கு முன்னாடியே ராஜாக்களே சண்ட போட்டாங்க. நீங்க கும்புட வேணாம். ஆத்துல விடவும் வேணாம். அத்தை ஞாபகத்துக்கு எங்க வீட்டுல இருக்கட்டும்."

"எந்த ராஜா?"

"உங்க தம்பி பேருதான் அவருக்கும்."

சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு உள்ளே போய் அம்மாவின் பழைய சேலையில் சுரூபத்தைச் சுற்றி எடுத்து வந்தார். சார்லஸ் கை நீட்டியும் தரவில்லை.

"நீ வண்டிய ஓட்டு. மேடு பள்ளம் பாத்துப் போடா" என்று தம்பியின் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். தெருமுனை திரும்பும்வரை வெண்மதி பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சைக் குழந்தையைப் போல அதை மார்போடு அணைத்திருந்தார்.