கழற்றிய விளக்கின் வெளிச்சம்

பேய், ஆவி, காத்து, கருப்பு என்று எவரேனும் பேசத் தொடங்கினால் எழுந்து போய்விடுகிறவன் நான். மாணவர்கள் கட்டுரையில் அப்படி ஏதேனும் எழுதிவிட்டால், கண்டதை எழுது, கேட்டதை எழுதாதே என்று ஓரத்தில் சிவப்பு மையால் குறித்துத் திருப்பிக் கொடுப்பேன். ஆகவே, இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் உதட்டைச் சுழித்தால் உங்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். இது கேட்டதன்று. என் தெருவில், நான் நின்றிருந்த இடத்தில், விளக்கு வைக்கும் நேரத்தில் நடந்தது. அப்போது எனக்கு அச்சத்தைவிட எரிச்சலே மிகுதியாக இருந்தது. இன்றும் அப்படியே இருக்கிறது.

நாங்கள் குடியிருப்பது இராஜபாளையத்தை ஒட்டிய ஓர் ஊராட்சியில். ஊராட்சியின் பெயரும் வேண்டாம், ஒப்பந்ததாரரின் பெயரும் வேண்டாம், வம்பு எதற்கு? தெருவிளக்குகளை மாற்றவும் பராமரிக்கவும் வெளியாருக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். பழைய குழல்விளக்குகள் இறங்கின. வெள்ளை வெளேரென்று எல்.இ.டி. விளக்குகள் ஏறின. தெருவே கல்யாண வீடுபோல் ஆயிற்று. ஒரு மாதம் கழிவதற்குள், தெரு திரும்பும் முனையில் இருக்கும் கடைசிக் கம்பத்து விளக்கு மட்டும் அணைந்துபோனது. அணைவதற்கு அதற்கு அந்த இடந்தானா கிடைத்தது? அங்கேதான் சாக்கடையின் மூடிக்கல் உடைந்து வாய் பிளந்து கிடந்தது. கல்லுக்கு வேறோர் ஒப்பந்தமாம். நாங்களாகப் போட்ட பலகையையும் குப்பை வண்டி ஏறி நொறுக்கிவிட்டது.

என் மனைவி எஸ்தர் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்து, இழை அறுந்த துண்டுகளைக் கண்டு ஒதுக்கும் வேலை. மாலையில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினால் அந்த முனை வழியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டும். ஒருநாள் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துபோய், வெளிச்சமில்லாமல் நடந்து வந்தவள் அந்தக் குழிக்குள் கால் இறங்கி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நெற்றியில் தையல் போட்டார்கள்.

"கையி போனாக்கூடப் பரவால்லங்க, கண்ணு தப்பிச்சுச்சே," என்றாள், மாவுக்கட்டோடு படுத்தபடி. "கண்ணு போயிருந்தா எனக்கு ஏது வேல?"

கட்டுப் பிரித்ததும் அவள் அதே வழியில்தான் மறுபடியும் நடந்து வந்தாக வேண்டும். அதற்குள் அந்த விளக்கு எரிய வேண்டும். என் கவலை அவ்வளவுதான். அந்தச் சிறு காரியத்துக்காக நான் பட்ட பாட்டைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் இருப்பது பொத்தான் கைப்பேசி. ஆகவே எஸ்தரின் கைப்பேசியிலிருந்து புகார் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: புகார் சரிசெய்யப்பட்டது. சான்றாக ஒரு புகைப்படமும் வந்தது. அதே முனை, அதே கம்பம், கீழே அதே உடைந்த கல், மேலே விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கிறது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். கும்மிருட்டு. மறுபடியும் புகார் செய்தேன். மறுபடியும் படம் வந்தது. படத்தில் எரிகிற விளக்கு தெருவில் எரியவில்லை என்பதை எந்த மொழியில் எழுதிப் புரியவைப்பது?

முனையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் பெருமாள் என்னைக் காணும்போதெல்லாம் சிரிப்பார்.

"என்ன சார், இன்னைக்கும் மனு போட்டாச்சா? நீங்க எழுதுற தமிழுக்கு அந்த லைட்டே கையெடுத்துக் கும்பிட்டு எரியணுமே!"

"கேலி இருக்கட்டும். உமக்கும் இருட்டாத்தான இருக்கு?"

"இருட்டாவா? கடைக்கு முன்னால வந்து நிக்கிறது மனுசனா மாடான்னு கொம்பத் தடவிப் பாத்துல்லா யாவாரம் பண்ணுதேன்!"

ஒப்பந்ததாரரின் அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூரில், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு அருகில், ஒரு பால்கோவாக் கடையின் மாடியில் இருந்தது. பள்ளி விட்டதும் அங்கே படியேறுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. சுண்டிய பாலின் மணம் மாடிவரை வரும். நம்புங்கள், இன்றைக்கும் அந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்குக் கோபம் வருகிறது. அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் கணேசன் என்ற இளைஞர். எதிர்த்துப் பேசுகிறவராக இருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அவரோ எழுந்து நின்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பணிவாக மறுத்தார்.

"சார், நானே நேர்ல வந்து பாத்துத்தான் போட்டோ எடுத்தேன். ஜம்முன்னு எரியுது சார். எரியுற லைட்ட எப்படி மாத்துறது? மேல கேள்வி கேப்பாக."

"தம்பி, அந்தத் தெருவுல குடியிருக்கவன் நான். எரியலன்னு சொல்லுதேன்."

"நீங்க பொய் சொல்ல மாட்டீக சார். ஆனா நானும் சொல்லலயே."

இதற்கு என்ன மறுமொழி சொல்வீர்கள்? பலநாள் யோசித்து, கடைசியில் ஒரு வழி கண்டேன். எரிகிறதா இல்லையா என்ற வழக்கே வேண்டாம். விளக்கைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். மொட்டைக் கம்பத்தைப் படம் எடுங்கள். விளக்கே இல்லாத கம்பத்தில் விளக்கு எரிகிறது என்று எவராலும் எழுத முடியாது. புதிது மாட்டித்தானே ஆக வேண்டும்? கணேசன் தலையைச் சொறிந்தார், பிறகு ஒப்புக்கொண்டார். படியிறங்கும்போது, அத்தனை நாளில் முதன்முறையாக, கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டேன்.

எஸ்தர் மீண்டும் வேலைக்குப் போன முதல் நாளையே அதற்குக் குறித்தோம். அவள் திரும்புவதற்குள் புது விளக்கு எரியும் என்ற நம்பிக்கையில் நான் முன்னதாகவே வந்து முனையில் காத்திருந்தேன். நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன ஏணி வண்டி, சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கிய பிறகுதான் வந்தது. புது விளக்கையும் கொண்டுவரவில்லை. படம் போனால்தான் கிடங்கிலிருந்து கொடுப்பார்களாம். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஊழியர் ஒருவர் ஏறி, வயரைத் துண்டித்து, முனைகளில் டேப் சுற்றி, விளக்கைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தார். வண்டியில் கிடந்த அதை நான் கையால் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. கண்ணாடிக்குள் செத்த பூச்சிகள் கிடந்தன.

அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது.

"இப்ப எடுங்க படம்," என்றேன்.

கணேசன் கைப்பேசியை உயர்த்தினார், உடனே தாழ்த்தினார். திரையின் ஒளியில் அவர் முகம் மட்டும் தெரிந்தது. பிறகு, உச்சி வெயிலில் நிற்பவர் செய்வாரே அப்படி, இடக்கையைப் புருவத்தின்மேல் குடையாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மொட்டைக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"சார், கழட்டிட்டோம்ல?"

"கழட்டியாச்சு. இந்தா, வண்டியில கெடக்கு."

"ஏலே, மேல இன்னொன்னு மாட்டியிருக்கா?"

"வெறுங்கம்பிதாண்ணே இருக்கு," என்று சிரித்தார் ஏறி இறங்கிய ஊழியர். "எதுக்குக் கைய வச்சு மறைக்கீக? நிலா கூசுதாக்கும்?"

அன்று நிலாவும் இல்லை. கணேசன் படத்தை எடுத்தார். என்னிடம் காட்டினார். கம்பத்தின் கரத்தில் விளக்கு இல்லை. டேப் சுற்றிய வயர் தொங்குவது தெளிவாகத் தெரிந்தது. அதன்கீழே தெரு முழுவதும் வெள்ளை வெளிச்சம். ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிந்தது. நடுவில் நான் நிற்கிறேன். என் நிழல் நீண்டு, சாக்கடைப் பக்கமாக விழுந்திருக்கிறது. தலையைத் திருப்பிக் கீழே பார்த்தேன். நிழல் எங்கே இருக்கிறது? என் காலே எனக்குத் தெரியவில்லை.

அப்போது முனையில் செருப்புச் சத்தம் கேட்டது. எஸ்தருடைய நடை. அவள் கையில் டார்ச்சும் இல்லை, கைப்பேசி வெளிச்சமும் இல்லை. விரைந்து வருகிறாள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

"எஸ்தர், நில்லு! குழி இருக்கு!"

என் டார்ச்சை எடுத்து அமுக்குவதற்குள் அவள் குழியை நெருங்கிவிட்டாள். டார்ச் வெளிச்சம் போய் விழுந்தபோது, சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்து, உடைந்த கல்லின் ஓரமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். பகலில் எல்லாரும் அப்படித்தான் சுற்றி வருவோம்.

"எதுக்குங்க இப்படிக் கத்துதீக? அதான் பட்டப்பகல் மாதிரி எரியுதே," என்றாள். பிறகு கணேசனைப் பார்த்து, "தம்பி, நல்லா இருப்பீக. இன்னைக்காவது போட்டு விட்டீகளே!" என்றாள்.

கணேசன் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். விளக்கையும் எடுத்துக்கொண்டு வண்டி போய்விட்டது. இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எஸ்தரின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது: புகார் சரிசெய்யப்பட்டது. விளக்கு நல்ல நிலையில் எரிகிறது. கணேசன் எழுதியது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

மறுநாள் பெருமாள் என்னைத் தனியே அழைத்தார். அன்று அவர் சிரிக்கவில்லை.

"சார், அக்கா எதப் பாத்து எரியுதுன்னு சொன்னாக? எனக்கு ஒன்னும் தெரியலயே."

நான் கண்மருத்துவரிடம் போனேன். குறையொன்றும் இல்லை என்றார். அதன்பிறகும் மனம் ஆறவில்லை. ஒருநாள் மாலை, அந்தக் கம்பத்தடியில் டார்ச்சை அணைத்துவிட்டு, எஸ்தரின் பையிலிருந்த காஸ் உறையொன்றைத் தடவி எடுத்து அவளிடம் நீட்டினேன். அன்றைய சரக்கிலிருந்து வந்த உறை. அதில் பொடியெழுத்தில் ஏதேதோ அச்சிட்டிருக்கும். படி என்றேன்.

"பள்ளிக்கூடத்துல பிள்ளைகளப் படுத்துறது போதாதாக்கும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே, மேலிருந்து கீழ்வரை கடகடவென்று வாசித்துவிட்டாள். எனக்கு அவள் முகம்கூடத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கடியில் அந்த உறையைப் பார்த்தேன். தொகுதி எண்வரை ஓரெழுத்தும் பிசகவில்லை.

இதற்குப் பின்னும் நான் விடவில்லை. மறுபடியும் புகார் செய்தேன். இம்முறை ஊராட்சியிலிருந்தே விசாரித்தார்கள். ஆனால் பதிவான எண் எஸ்தருடையது.

"லைட்டு எரியுதாம்மா?"

"எரியுது சார். எங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

மறுமுனையில் இரண்டு மூன்று பேர் சிரித்தது எனக்கே கேட்டது. அந்தக் கம்பத்தைப் பற்றிய புகாரை இனி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். கணேசன் வேலையை விட்டுவிட்டார் என்று மாடியில் சொன்னார்கள். காரணம் கேட்டேன், எவருக்கும் தெரியவில்லை. கம்பம் இன்றும் மொட்டையாகத்தான் நிற்கிறது. நீங்கள் வந்து பார்க்கலாம். வயரில் சுற்றிய டேப்கூட அப்படியே இருக்கிறது.

நான் இப்போதும் நாள்தோறும் மாலையில் டார்ச்சோடு அங்கே போய் நிற்கிறேன். அவளுக்குத் தெரிகிற வெளிச்சம் என்றைக்கு அணையுமோ, யாருக்குத் தெரியும்? அணைந்தால் எந்த அலுவலகத்தில் போய்ப் புகார் சொல்வது? ஆகவே குழிக்குப் பக்கத்திலேயே, அவள் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நிற்பேன். சென்ற வாரம் அப்படி நின்றுகொண்டிருந்தபோது, முனையில் அவள் செருப்புச் சத்தம் சட்டென்று நின்றது.

"செத்தத் தள்ளி நில்லுங்க," என்றாள். "ஒங்க நெழலு குழி மேல விழுந்து மறைக்குது."

நகரப் போனவன், நகராமல் நின்றுவிட்டேன். எந்தப் பக்கம் நகர்வதென்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து, இருட்டில் என் நிழல் எங்கே கிடக்கிறது என்று அவளிடம் கேட்டுத்தான் நிற்கிறேன்.