கல்யாண நாளுக்கு ஒரு துரோகப் பாட்டு

பாட்டில் எவன் தப்புப் பண்ணினாலும், அதற்கு அர்த்தம் சொல்கிறவனுக்குத்தான் அடி விழும். மைக்கைப் பிடித்து மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன வானொலியில், நேயர்கள் கேட்கும் தமிழ்ப் பாட்டுக்கு வரிவரியாக விளக்கம் சொல்வது என் வேலை.

ட்யூன் பார்த்துக் கேட்டவர்

ஆரியசாலையில் மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் சண்முகம், கல்யாண நாளுக்காக மனைவி கல்யாணிக்கு ஒரு பாட்டுக் கேட்டார். இன்னொருத்தி வீட்டுக்குப் போய்விட்டு விடியற்காலை திரும்பும் புருஷன், மனைவி முகத்தில் முழிக்க முடியாமல் வாசலில் நின்று அழுகிற பாட்டு. நானும் உருகி உருகி விளக்கினேன். பத்தே நிமிஷத்தில் சண்முகத்திடமிருந்து போன்.

"எந்தா சாரே இது! ட்யூன் நல்லாருக்குன்னுல்லா கேட்டேன், அதுல அர்த்தம் வேற இருக்கும்னு யாரு கண்டா?"

தீர்ப்பு

பாட்டைப் புருஷனின் சொந்தக் கதையாகவே எடுத்துக்கொண்ட கல்யாணி அன்றைக்கே நாகர்கோவிலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். பெயர் சொல்லித்தானே பாட்டுப் போட்டிருந்தேன், ஊருக்கே விஷயம் தெரிந்துபோனது. மறுவாரம் ஒருத்தரும் பாட்டுக் கேட்கவில்லை. சண்முகத்தை மன்னிக்கலாமா கூடாதா என்று போனிலேயே அடித்துக்கொண்டார்கள். ஸ்ரீவராகத்திலிருந்து பேசிய ஓய்வுபெற்ற ஆடிட்டர் ஒருவர், பாட்டையே சாட்சியாக வைத்துத் தீர்ப்பு சொன்னார்.

"மூணாவது சரணத்துலன்னா அழறான்! பல்லவியிலேயே அழுதிருந்தா பரிசீலிக்கலாம் ஓய்."

ஆன்மிக விளக்கம்

அதற்கடுத்த வாரம் சண்முகம் ஸ்டுடியோவுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். "அவ வரலேன்னா நான் என்ன சாரே செய்வேன்?" என்றார். என் வாய்தானே குடியைக் கெடுத்தது! துணிந்து மைக்கில் ஒரு புது விளக்கம் அடித்துவிட்டேன்: அழுகிறவன் ஜீவாத்மா, மனைவி பரமாத்மா, அந்த இன்னொருத்தி வெறும் மாயை. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் நேரலையில் கல்யாணி.

"எங்கிட்ட கேட்டிருந்தா நானே மன்னிச்சிருப்பேன். சாமிகிட்டப் போற அளவுக்கு இந்த மனுசன் என்ன சார் பண்ணுனாரு?"

வாக்குமூலம்

சண்முகம் என் மைக்கைப் பிடுங்கினார். மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து, அவள் நன்றாக நடக்கவேண்டும் என்று சனிக்கிழமைதோறும் பட்டினி விரதம் இருக்கிறாராம். அவர் பட்டினி கிடக்கிறாரே என்று அவளும் சாப்பிடுவதில்லை. ஆனால் இவர் மத்தியானமானால் கடைக்குப் பின்சந்தில் பொரோட்டா தின்றிருக்கிறார், இரண்டு வருஷமாக! சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதார். போனில் கல்யாணி ஆரம்பித்தார்.

"இன்னொருத்தின்னா சண்டை போட்டு ஜெயிச்சிருப்பேன். பொரோட்டாகிட்ட எப்படி சார் சண்டை போட? அவரை அங்கேயே இருக்கச் சொல்லுங்க, நான் இப்பவே பஸ் ஏறுதேன்."

இப்போதெல்லாம் யார் பாட்டுக் கேட்டாலும், அர்த்தம் சொல்வதற்கு முன்னால் அன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்று விசாரித்துவிடுகிறேன்.